ஊருக்குப் போகாதவள்

கைராசிக்கு ஜெயில் ஒன்றும் புதுசு இல்லை. விளக்குமாறுதான் புதுசு.

அந்தப் பெயரை அவளுக்கு யார் வைத்தார்களோ, நல்ல குசும்பு பிடித்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஏசி ஓடி, பாட்டுப் போட்டு, வாசலில் சல்யூட் அடிக்க ஆள் நிறுத்தியிருக்கிற பெரிய கடைகளில் மட்டும்தான் அவள் கைவரிசை. மடக்கின குடை ஒன்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது குடை முழுகாமல் இருக்கும். சென்ட் பாட்டில், கைக்கடிகாரம், வெள்ளிக் கரண்டி, எது கைக்கு எட்டுகிறதோ அது. பல தடவை தப்பிப்பாள், சில தடவை கையும் களவுமாக மாட்டுவாள். மாட்டினால் அழ மாட்டாள், யார் காலிலும் விழ மாட்டாள். போலீஸ்காரர் ஏறுவதற்கு முன்னாலேயே ஜீப்பில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள்.

இந்தத் தடவை நீதிபதி ஒரு அம்மா. அவள் பழைய கேஸ் கட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து அலுத்துப்போய், "உங்களை இத்தனை தடவை உள்ளே அனுப்பியாச்சு. அனுப்பி என்ன கண்டோம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் காணலைங்கம்மா" என்றாள் கைராசி. கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள்.

"அப்ப இந்தத் தடவை ஜெயில் வேண்டாம். ஒரு வருஷம் தெருவைக் கூட்டுங்க. ஆனா ஒண்ணு. காரணமில்லாம ஒரு நாள் வரலைன்னாலும், அனுமதி இல்லாம இந்த ஊரைத் தாண்டினாலும், மிச்சக் காலம் முழுக்க உள்ளேதான். புரியுதா?"

புரியாமல் என்ன. கைராசி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மறுநாளே ஆரஞ்சுக் கலரில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் 'சமூகப் பணி' என்று போட்டிருந்தது. கேட்பதற்கு ஏதோ சங்கத் தலைவர் செய்கிற காரியம் மாதிரி இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஜனங்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மேய்ப்பதற்கு ஒரு கண்காணிப்பாளர். வரிசையில் நிற்க ஒரு விசில், வேலையைத் தொடங்க ஒரு விசில், தண்ணீர் குடிக்க ஒரு விசில். அவர் பெயரே விசில் ஆகிவிட்டது. இரண்டாவது விசிலுக்கு அப்புறம் வந்தவர்கள் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லையென்றால் அன்றைக்கு வராத கணக்குதான், விஷயம் நேரே கோர்ட்டுக்குப் போய்விடும்.

கூடக் கூட்டுகிறவர்களில் பாட்டரி என்று ஒருவன். நிற்கிற லாரியிலிருந்து பாட்டரியைக் கழற்றி விற்பது அவன் தொழில். அவனும் ஜெயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தே தேய்ந்தவன்.

"இதுக்கு உள்ளேயே இருந்திருக்கலாம்க்கா" என்பான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அங்க வேளைக்குச் சோறு வரும், வெயில் இல்லை, எவனும் வேடிக்கை பார்க்க மாட்டான். ஒரு நாள் டிமிக்கி குடுத்தா போதும், அவங்களே கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க."

"போறதுன்னா நீ போ. நான் அந்த வாசப்படியை இனிமே மிதிக்கறதா இல்லை."

அவள் வீறாப்புக்குப் பேசவில்லை. பயத்தில் பேசினாள். கடைசியாக உள்ளே இருந்தபோது, பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டார் அக்கம்பக்கத்தில், "அவங்க வெளிநாட்டில் வேலையா இருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் அவளை எல்லாரும் ஃபாரின் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபாரின் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தாள். ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார்கள். "அவங்க வெளிநாட்டில் இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு, எடுத்தவர்கள் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தரும் வரவில்லை. செத்தவளைச் செத்தாள் என்று சொல்லக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. நாலு கைதிகளும் ரெண்டு வார்டர்களும்தான் கடைசிவரை கூட நின்றார்கள். கைராசி நாலில் ஒருத்தி. அன்றைக்கு அவள் வயிற்றில் விழுந்த பயம் இன்னும் இறங்கவில்லை.

ஏனென்றால் அவள் வீட்டிலும் அதே கதைதான். முதல் தடவை அவள் மாட்டியபோது மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். யாராவது கேட்டால் அம்மா ஊருக்குப் போயிருக்காங்க என்று சொல்லு என்று அவன் சித்தி சொல்லிக்கொடுத்தாள். பையன் வளர்ந்தான், பொய்யும் கூடவே வளர்ந்தது. அந்த ஊருக்கு ஒரு ஆறு வந்தது, ஆற்றங்கரையில் ஒரு வீடு வந்தது, வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியம்மா வந்தாள், அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு பங்காளித் தகராறும் வந்தது. கைராசி உள்ளேயிருந்து இளைத்துப்போய் வந்தால் கீழ்வீட்டுத் தையற்காரி, "ஊர்ல தண்ணி ஒத்துக்கலையா?" என்று கேட்பாள். "ஆமா, உப்புத் தண்ணி" என்று கைராசியும் கூசாமல் சொல்வாள். ஆற்றங்கரை வீட்டில் உப்புத் தண்ணி எப்படி வந்தது என்று ஒரு நாயும் கேட்கவில்லை.

மகன் இப்போது பெரிய கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, உழைப்பாளி, பொய் என்றால் அந்த ஒரு பொய்தான். போன மாதம் அவனைக் கடைக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராக வேறு ஆக்கியிருந்தார்கள். தெருவெல்லாம் கேமரா வைத்துத் திருட்டை ஒழிப்பேன் என்று பேசித்தான் அந்தப் பதவிக்கு வந்தான். கைராசிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, பிள்ளை முன்னுக்கு வந்தால் சரி. இதுவரை கால்வாய்ப் பக்கமும் ஆஸ்பத்திரிப் பக்கமுமாகவே கூட்டியதால், சட்டையைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வாக்கிங் போகிறவள் மாதிரி வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள்.

ஒரு நாள் ராத்திரி மகன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான். "நாளைக்கு எங்கம்மா?"

"பெரிய கடைத்தெரு. உன் கடை வரிசையிலிருந்துதான் ஆரம்பிக்கறோம்."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "நாளைக்குச் சங்கத்து ஆளுங்க எல்லாரும் அங்க இருப்பாங்க. நீ ஒரு நாள் போகாம இரேன்."

"போகலைன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

அவன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். பிறகு மெதுவாக, "மிச்சம் கொஞ்ச மாசம்தானேம்மா. உனக்குப் பழகின இடம்தானே. நான் வாராவாரம் வந்து பார்க்கறேன்" என்றான்.

கைராசிக்கு நெஞ்சில் ஓங்கிக் குத்தினாற்போல இருந்தது. போலீஸ் அடித்திருக்கிறது, கடைக்காரன் அடித்திருக்கிறான், இப்படி வலித்ததில்லை.

"எங்க வந்து பார்ப்பே? ஆத்தங்கரை வீட்டுக்கா?"

மருமகள் குறுக்கே வந்தாள். "அவர் சொல்றது தப்புதான் அத்தை. ஆனா இத்தனை வருஷமா ஊருன்னு சொல்லிட்டு, இப்ப எப்படி மாத்திச் சொல்றது?"

"ஏம்மா, உனக்கு உன் மாமியார் வீட்டுல ஏதாவது குறை இருக்கா?"

"ஐயோ, இல்லை அத்தை."

"அப்புறம் என்னை மட்டும் எதுக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்பறீங்க?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மானம் கப்பலேறிடும்மா" என்றான்.

"ஏறட்டும். எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடு."

காலையில் எழுந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. இருவரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். கைராசி குளித்து, சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறந்துபோய்ப் பூட்டிவிட்டார்களோ என்று நினைத்துப் போனைத் தேடினாள். போனும் இல்லை. அப்போதுதான் மேஜையைப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கில் டீ, மூடி வைத்த தட்டில் சாப்பாடு, பக்கத்திலேயே அவள் முட்டிவலி மாத்திரை, தண்ணீர். பாசமாகப் பூட்டியிருக்கிறான் படுபாவி. ஜெயிலில்கூட லாக்கப் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். இவன் பூனை மாதிரிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அழுதுகொண்டே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், மாத்திரைமேல் என்ன கோபம்.

ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தாள். தையற்காரி அப்போதுதான் கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கதவை வெளியே பூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரையாவது கூப்பிட்டுத் திறக்கச் சொல்லு."

"அதுக்கென்ன, உன் பிள்ளைக்குப் போன் போடறேன்" என்று தையற்காரி போனை எடுத்தாள்.

"அவனுக்குப் போடாதே. பூட்டினதே அவன்தான்."

தையற்காரி நிமிர்ந்தாள். தெருவில் பால் வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். எதிர்மாடியில் துணி உலர்த்தியவள் துணியைப் பிழிவதை விட்டுவிட்டாள். கைராசி நினைத்தால் ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம், நெஞ்சுவலி என்று சொன்னால் ஓடி வந்து திறப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஃபாரின் ஞாபகம் வந்தது. பொய் போதும் என்று தோன்றிவிட்டது.

"இன்னிக்கு நான் தெருக் கூட்டப் போகலைன்னா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க. கோர்ட்டு தண்டனை. நான் கடையில திருடறவ. இத்தனை நாளா நான் ஊருக்கெல்லாம் போகலைக்கா. ஜெயிலுக்குத்தான் போயிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டாள். தெருவே கேட்டது. தையற்காரி வாயைப் பிளந்து நின்றாள்.

"அப்ப அந்த ஆறு?"

"ஆறும் இல்லை, வீடும் இல்லை."

"படுத்த படுக்கையா இருந்தாங்களே, பெரியம்மா?"

"அவங்களும் இல்லை."

"அடிப்பாவி. அவங்களுக்காக நான் எத்தனை நாள் வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" தையற்காரிக்குத் திருட்டைவிட அதுதான் ஆறவில்லை. திட்டிக்கொண்டே பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போனாள், திட்டிக்கொண்டே வெல்டிங்காரரைக் கூட்டி வந்தாள், பூட்டு அறுபடும்வரை பக்கத்திலேயே நின்று திட்டினாள். கதவு திறந்ததும் முதல் கேள்வி அதுதான். "என் கடையில ஏதாவது கை வெச்சிருக்கியா?"

"சின்னக் கடையில நான் கை வைக்க மாட்டேன்."

"என் கடை என்ன அவ்வளவு சின்னக் கடையா?"

இதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. வெல்டிங்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய கடைத்தெரு முனையில் இறக்கிவிட்டார். கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு ஆகாதும்மா என்று அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

கைராசி சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினாள் என்பது பெரிய வார்த்தை, நொண்டினாள். பாதி வழியிலேயே இரண்டாவது விசில் காதில் விழுந்தது.

சரியாக மகன் கடை வாசலில்தான் வரிசை நின்றது. விசில் பேனாவும் கையுமாகப் பார்த்தார். "லேட். காரணம்?"

கைராசிக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மகன் நிற்பது தெரிந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது. காரணம் சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் கோர்ட்டு உத்தரவுக்குக் குறுக்கே நின்றவனைக் கோர்ட்டு கொஞ்சாது. எத்தனை பேருடைய புருஷன், பிள்ளை அப்படி மாட்டினார்கள் என்று அவள் உள்ளேயே பார்த்தவள். கடை, சங்கம், கேமரா எல்லாம் அதோடு போச்சு.

"கேட்கறேன்ல, காரணம் என்ன?"

"சொல்றதுக்கில்லை."

"இதோ பாருங்கம்மா. காரணம் இல்லைன்னா வரலைன்னு எழுதணும். எழுதினா நாளைக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஏதாவது சொல்லுங்க."

"எழுதுங்க. யாரையும் மாட்டி விட்டு நான் வெளியே நிக்கணும்னு இல்லை."

வாய்தான் அப்படிச் சொன்னது. கண்ணில் ஃபாரின் கிடந்த படுக்கைதான் தெரிந்தது. பாட்டரி பின்னாலிருந்து, "அக்கா, காய்ச்சல்னு சொல்லுக்கா" என்று கிசுகிசுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசில் பெருமூச்சு விட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. மகன் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான். அம்மாவை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், சின்ன வயசிலிருந்து வாயில் ஊறிப்போன அந்த ஒரே பொய் தானாக வந்து விழுந்தது.

"சார், எழுதாதீங்க. அவங்க ஊருக்குப் போயிருந்தாங்க. இப்பத்தான் வந்து இறங்கினாங்க, அதான் லேட்."

விசில் புருவத்தைத் தூக்கினார். "ஊருக்கா? எந்த ஊர்?"

"ஆத்தங்கரையில ஒரு வீடு இருக்கு சார். பெரியம்மாவுக்கு ரொம்ப முடியலை."

"அனுமதி இல்லாம ஊரைத் தாண்டினாங்களா?" விசில் குரலே மாறிவிட்டது. "லேட்டா வந்தாலாவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். ஊரைத் தாண்டினா பேச்சே கிடையாது. கோர்ட்டு சொன்னது உங்களுக்குத் தெரியாதா?"

கைராசி தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், வாயை மூடுடா."

சங்கத்து ஆட்கள் அவரவர் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். துணிக்கடை முதலாளி, கடிகாரக் கடைக்காரர், மருந்துக் கடைப் பெண் என்று தெரு முழுக்கத் தலைகள். மகன் அவர்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். திருடியின் பிள்ளைக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

"இல்லை சார். ஊரு இல்லை."

"என்ன ஊரு இல்லை?"

"அப்படி ஒரு ஊரே இல்லை. இவங்க ஜெயிலுக்குப் போறப்பல்லாம் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டு இருந்தோம். பழக்கத்துல வாயில வந்துடுச்சு. வீட்டை விட்டு இவங்க எங்கேயும் போகலை. இன்னிக்குக் காலையில நான்தான் வெளியே பூட்டிட்டு வந்தேன். இங்க வரக் கூடாதுன்னு."

"நீங்க யாரு?"

அவன் ஏதோ சொன்னான். ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

"கேட்கலை."

"மகன் சார்" என்றான் சத்தமாக. "இவங்க பெத்த மகன்."

விசில் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டி வெச்சதுக்கு உங்க மேல கேஸ் எழுதலாம், தெரியுமா?"

"எழுதுங்க" என்றான். பயந்துதான் சொன்னான், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. அவன் முகத்தில் தன் ஜாடையைக் கைராசி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"வேண்டாம் சார். எங்க வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்றாள்.

பாட்டரி குபுக்கென்று சிரித்துவிட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. விசில் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு வந்தாச்சு என்று குறித்து, "வெளியே பூட்டியிருந்ததால் தாமதம், பூட்டு உடைக்கப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "யார் பூட்டினாங்கன்னு இன்னிக்கு எழுதலை. இன்னொரு தடவை நடந்தா முதல் பேரே உங்க பேர்தான்" என்று மகனிடம் சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

கைராசி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மகன் கடை வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். முதுகில் கொட்டை எழுத்து தெரு முழுக்கத் தெரிந்தது, தெரியட்டும். மகன் உள்ளே போகாமல் வெறுங்காலோடு படியிலேயே நின்றான். துணிக்கடை முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். கடிகாரக் கடைக்காரர் ஏதோ பேச வந்து, திரும்பித் தன் கடைக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். செயலாளர் பதவி நாளைக்கு இருக்குமோ போகுமோ.

வழக்கமாக வருகிற வாடிக்கைக்காரி ஒருத்தி கடைக்கு வந்தாள். வாசலில் கூட்டம் இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டு, மகனிடம் வந்தாள்.

"இவங்க உங்க அம்மாவாமே? இத்தனை வருஷமா கடைக்கு வர்றேன், நான் பார்த்ததே இல்லையே. எங்க இருந்தாங்க?"

கைராசி குனிந்தபடியே இருந்தாள். அவளுடைய கை மட்டும் நின்றுவிட்டது.

"ஜெயில்ல இருந்தாங்க" என்றான் மகன். "இப்ப என்னோட இருக்காங்க."

நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று கைராசி நிமிரவே இல்லை. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். வாடிக்கைக்காரி ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கைப்பையைக் கைராசி பக்கமிருந்த தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றிக்கொண்டு, கூட்டின குப்பையை மிதிக்காமல் தாண்டி, கடைக்குள்ளே போய் உட்கார்ந்தாள்.